சாவுப் பணத்தில் வாங்கிய மாத்திரை

என் அம்மா ஒரு தவளையை மிதிக்கக் கூடாதென்று போய்க் கையை உடைத்துக்கொண்டாள். ஃபிஜித் தீவில் எங்கள் ஊரான லபாசாவில் மழை விட்டதும் வாசலெல்லாம் தவளைகள் வந்து உட்கார்ந்துவிடும். கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிப்பதற்காக அந்தக் காலத்தில் யாரோ கொண்டுவந்து விட்டவை. வண்டுகள் ஒழிந்ததாகத் தெரியவில்லை, தவளைகள் பெருகியதுதான் மிச்சம். ஊருக்குள்ளேயே நசியா என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கடைசிப் படியில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது. காலைத் தூக்கிய அம்மா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் வைத்தாள். அவ்வளவுதான், இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தான் விழுந்த பிறகும் அந்தத் தவளை இடத்தை விட்டு நகரவில்லை என்பதை அவள் ஊரெல்லாம் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மகளான நான் அப்போது ஊரில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சியில் குமாஸ்தா. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. என் வேலையில் பாதி, பாலிசியை முடித்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்களுக்குப் பணம் எழுதிக் கொடுப்பது. மறுபாதி, இங்கேயே இருக்கிறவர்களுக்கு 'இது கிடையாது' என்று சொல்வது. இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தபோது எங்கள் கவுண்டரில் ஒரு கூட்டம் நின்றது. ஆறு வருடம் கழித்து இராணுவம் மறுபடி கவிழ்த்தபோது இன்னொரு கூட்டம் நின்றது. ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர் என்று ஊர் பெயரைச் சொல்லிக்கொண்டே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் அண்ணன் முதல் கூட்டத்தோடு ஆக்லாந்து போனவன். எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகையும் அதே சமயத்தில்தான் முடிந்தது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா நிலத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து என்னோடு இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மண்ணில் பூசணியும் பயற்றங்காயும் போட்டு மார்க்கெட்டில் விற்றாள்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு உள்ளே அரித்துப் போயிருக்கிறது, இவ்வளவு சின்னதாக விழுந்ததற்கு இப்படி உடையக் கூடாது, அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் வேறு எதுவும் வாயில் படக் கூடாது, படுக்கவும் கூடாது. நாலு மாத்திரை நாற்பது டாலர். நான் டாக்டர் எதிரிலேயே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் ஆபீஸ் பாலிசியில் அம்மாவும் உண்டு. மாவுக்கட்டு, எக்ஸ்ரே, டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. மாத்திரைக்கும் மனு எழுதி கடல் தாண்டித் தலைநகர் சுவாவிலிருந்த தலைமை ஆபீசுக்கு அனுப்பினேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த விதியை எத்தனை பேருக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் சொந்த அம்மா என்றால் புத்தி கொஞ்சம் மந்தப்பட்டுத்தான் போகிறது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீண்டகாலத் தடுப்பு மருந்து, ஆகவே கிடையாது.

மறுப்புக் கடிதத்தை மனுதாரர் நேரில் வந்து வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். வீட்டிலேயே வாங்கிக்கொள் என்றால் அம்மா கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மாவுக்கட்டுக் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, எண் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலு என்று நானே கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

"கும்புடறேங்க," என்றாள் முன்பின் தெரியாதவள் போல.

"உங்க மனுவ ஏத்துக்கல," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏனுங்க?"

"கை ஒடஞ்சா குடுப்பாங்க. ஒடையாம இருக்கறதுக்குக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப இன்னொரு கையையும் ஒடச்சிக்கினு வந்தா?"

"அதுக்கு உண்டு."

"காலு?"

"உண்டு."

"இடுப்பு?"

"ஆஸ்பத்திரி செலவு உண்டு. சுவாவுக்குப் போக பிளேன் டிக்கெட்டும் உண்டு."

அம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்குங்க எல்லாரும். இடுப்ப ஒடச்சிக்கினா பிளேன்ல ஏத்துவாங்களாம். நா இதுவரைக்கும் பிளேன்ல போனதில்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் என் சம்பளத்தில் வாங்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாற்பது டாலர் ஒரு வீட்டை எப்படி மாற்றுகிறது என்று. டின் மீன் நின்றது. சனிக்கிழமை எனக்கென்று வாங்கும் ஒரு பத்திரிகை நின்றது. அம்மாவுக்கு இதெல்லாம் உறுத்தியது. ஒருநாள் அட்டையை எடுத்துப் பார்த்தால் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகளில் இரண்டு அப்படியே இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆக்கிவிட்டாள்.

"எலும்பு என்னா காலண்டரா பாத்துக்கினு இருக்கு?" என்றாள் பிடிபட்டதும்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தியில் மொழிபெயர்த்துக் கேட்டிருப்பார்கள். கடைசியில் நான்தான் அழுதேன். அம்மா எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், ஒற்றைக் கையால்.

இந்தச் செய்தி எப்படியோ ஆக்லாந்துக்குப் போய்விட்டது. அண்ணன் போன் செய்தான். அங்கே டாக்டர் சீட்டு எழுதினால் இந்த மாத்திரை பஸ் சார்ஜ் விலைக்குக் கிடைக்குமாம். அம்மாவை வரவழைப்பதற்கான தாள்களை நிரப்ப ஆரம்பித்துவிட்டானாம். "இன்னொரு தரம் வுழுந்தா நா யாரையும் கேக்க மாட்டேன். வந்து கூட்டிக்கினு போயிடுவேன்," என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா போனை வைத்துவிட்டு வெகுநேரம் பயற்றங்கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வூட்டுல ஜன்னலே தொறக்க மாட்டாங்களாம். குளிராம்," என்றாள். "நா போவல. அதுக்கு என்னா வழின்னு பாரு."

அம்மாவை அனுப்பிவிட்டு என்னாலும் தனியாக இருக்க முடியாது. எனக்கும் அந்த ஊரைவிட்டுப் போக மனமில்லை. இருக்கிறவர்கள் எல்லாரும் போக வழி தேடிக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தோம்.

வழியை அம்மாவே கண்டுபிடித்தாள். எங்கள் மாரியம்மன் கோயிலைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சாவு ஃபண்டு உண்டு. எங்கள் பாட்டன்மார் கரும்புக் காட்டில் கூலிக்கு இருந்த காலத்தில் ஆரம்பித்தது. ஆளுக்கு மாதம் இரண்டு டாலர். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே ஆயிரத்து ஐந்நூறு டாலர் கையில் வந்துவிடும். விறகு, மேளம், பதிமூன்று நாள் வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று யாரும் கை ஏந்த வேண்டாம். இந்த ஃபண்டுக்கு ஒரு விசித்திரம் நேர்ந்திருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் யாரும் பணம் கட்டுவதை நிறுத்தவில்லை. மற்ற எல்லாப் பாலிசியையும் என் கவுண்டரில் முடித்துக்கொண்டு போனவர்கள் இதை மட்டும் விடவில்லை. இதை விட்டால் ஊரோடு இருந்த கடைசிக் கயிறும் அறுந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் செத்தது அங்கே, எரித்தது அங்கே. இங்கே யாரும் பணம் கேட்டு வரவில்லை. ஃபண்டு கொழுத்துப்போய்க் கிடந்தது. அதன் தலைவரே பிரிஸ்பேன் போய்விட்டார், அங்கிருந்தே தலைவராக இருந்தார். கூட்டத்தை நடத்தியது பொருளாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்டிப்பான மனிதர். நான் அவரை மாமா என்பேன், அம்மா அண்ணே என்பாள்.

மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் நடக்கும். முன்னால் பாய் விரித்து, நங்கோனா என்ற மயக்கம் தரும் வேர்ப்பானம் கலக்கிய பெரிய மரக் கிண்ணத்தைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொட்டாங்கச்சி கைமாறிக்கொண்டே இருக்கும். பெண்கள் சுவரோரம். கூட்டம் இந்தியில்தான் நடக்கும், ஏனென்றால் பாதிப் பேருக்குத் தமிழ் சாமி கும்பிட மட்டும்தான் தெரியும். வேறு ஏதாவது உண்டா என்று மாமா கேட்டதும் அம்மா எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, என்னோட சாவுப் பணத்த எனக்கு இப்பவே குடுத்துடுங்க," என்றாள் தமிழில்.

தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு யாரோ இந்தியில் சொன்ன பிறகு அவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"தங்கச்சி, மரண சர்ட்டிபிகேட்டு இல்லாம குடுக்க விதியில்ல."

"அதக் கொண்டாந்து குடுக்க நா எப்பிடி வருவேன்?"

மறுபடி சிரிப்பு. அம்மா கையை உயர்த்தி அடக்கினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மாத்திரையைப் பற்றிச் சொன்னாள், என் ஆபீஸ் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள், ஆக்லாந்து தாள்களைப் பற்றியும் சொன்னாள்.

"இன்சூரன்ஸ்காரன் ஒடஞ்சாதான் குடுப்பேங்கறான். நீங்க செத்தாதான் குடுப்பேங்கறீங்க. நடுவுல உசுரோட இருக்கறவளுக்கு யாருதான் குடுப்பாங்க? நா ஆக்லாந்து போனேன்னா அங்கதான் சாவேன். அப்ப இந்தக் காசு யாருக்கு? கிண்ணத்துல கலக்கிக் குடிச்சிடுவீங்களா?"

கிண்ணத்தைச் சுற்றி இருந்தவர்கள் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்கள். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. இப்படிக் கொடுக்க ஆரம்பித்தால் பல் கட்டவும் கண்ணாடி வாங்கவும் எல்லாரும் வருவார்கள் என்றார் ஒருவர். வந்தால் என்ன, பல்லையும் கண்ணாடியையும் பிணத்துக்கா வாங்கப் போகிறோம் என்றார் இன்னொருவர். அப்படியானால் அம்மாவின் காரியத்துக்கு யார் செலவு செய்வது என்று கேட்டார் மாமா. அம்மா என்னைக் கையால் காட்டினாள்.

"இவ இன்சூரன்ஸ்லதான வேல செய்யறா."

கடைசியில் தீர்மானம் எழுதினார்கள். மாத்திரை விலையில் பாதியை ஃபண்டு கொடுக்கும். கொடுப்பதை அம்மாவின் சாவுப் பணத்தில் கழித்துக்கொண்டே வரும். தீர்ந்துபோனால் அதோடு சரி, பிறகு அவளுக்கு ஒன்றும் கிடையாது. அம்மா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தப்பாகப் பேசிவிட்டேனா என்று மூன்று தரம் கேட்டாள். பயம் அப்போதுதான் வந்திருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது என்றுதான் நினைத்தேன். அம்மா மாத்திரைக்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தாள், நல்ல நாள் என்று. வெள்ளிக்கிழமை அவள் விடிவதற்குள் எழுந்து குளித்து பூஜை செய்வாள். நான் அந்த நேரத்தில் எழுந்தவளில்லை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துத் தரும் பெண் பூர்வகுடி ஃபிஜிக்காரி. எங்களைவிட நன்றாக இந்தி பேசுவாள். நாங்கள் இருவரும் போயிருந்த ஒருநாள், எப்படிச் சாப்பிடுகிறாய் அம்மா என்று சும்மா கேட்டாள்.

அம்மா விவரமாகச் சொன்னாள். மாத்திரையை வெற்றிலையில் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பாள். கற்பூரம் காட்டுவாள். அம்மனுக்குப் படைத்த பாலோடு மாத்திரையை விழுங்குவாள். பூஜையன்று முதலில் வாயில் படுவது பிரசாதமாக இருக்க வேண்டுமில்லையா?

"பாலா?" என்று அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பாலோடு சேர்ந்தால் இந்த மாத்திரை உடம்பில் ஏறவே ஏறாதாம். பன்னிரண்டு மாத்திரையும் வீண். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பின் நடுவே நூற்றிருபது டாலர் கண்ணில் வந்து வந்து போனது.

இதை மறைத்திருக்கலாம். அம்மா மறைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, பிழையாகிவிட்டது அண்ணே என்று சொல்லிவிட்டாள். மாமாவின் முகம் சிவந்தது.

"மூணு மாசமா ஃபண்டு காசுல மாரியம்மனுக்கு எலும்பு பலமாயிருக்கு," என்றார். இனி சாட்சி இல்லாமல் மாத்திரை கிடையாது என்று அங்கேயே விதி போட்டார். சாட்சியாக அவர் அனுப்பியது தன் மனைவியை.

அத்தை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா பூஜைக்கு முன்பே, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுப்பில் சாம்பார் கொதிக்கும் வாசனை. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"ஒக்காந்தா பசிக்குது. வா, நடக்கலாம்," என்றார் அத்தை.

அப்படித்தான் அந்த நடை ஆரம்பித்தது. ஆற்றோரமாகப் பாலம் வரைக்கும் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். ஒரு மாதம் கழித்து, முதுகு வளைகிறதே என்று அத்தையும் டாக்டரைப் பார்த்தார். அவருக்கும் அதே மாத்திரை. மாமாவே தன் மனைவிக்காக ஃபண்டில் மனு கொடுத்தபோது கூடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்று அம்மா எல்லாருக்கும் கண்ணைக் காட்டினாள். ஆனால் முதலில் சிரித்தது அவள்தான்.

இரண்டு வருடத்தில் ஒன்பது பெண்கள் ஆனார்கள். எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர். எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, மாமா பள்ளியில் அடித்துவந்த பழைய கை மணியை அத்தை அடித்ததும், ஒன்பது பேரும் ஒன்றாக விழுங்குவார்கள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினால் அந்தத் தெருவே பேச்சால் நிறைந்துவிடும். பஸ் ஓட்டுகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மார்க்கெட்டுக்குத் தாலோ என்கிற சேப்பங்கிழங்கு கொண்டுபோகும் ஃபிஜிக்காரிகள் "பூலா, பூலா" என்று வணக்கம் சொல்லிக் கத்துவார்கள், இவர்களும் கத்துவார்கள். கரும்பு அரைவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை மில்லிலிருந்து பாகு வாசனை காற்றில் வந்து வெறும் வயிற்றோடு நடக்கிறவர்களை வதைக்கும். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். இட்லி, புளிச்சோறு, ரொட்டி, பூசணிக் கூட்டு. நான் வெள்ளிக்கிழமைகளில் ஆபீசுக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சாப்பிட்டதும் சிரித்ததும் அந்த வருடங்களில்தான்.

அரசாங்கம் டாலரின் மதிப்பை இறக்கியபோது மாத்திரை விலை ஏறியது. சிலரின் பிள்ளைகள் வந்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது ஏழானது, பிறகு எட்டானது. யார் போனாலும் அன்றைக்கு நடை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது வருடம் அம்மா மறுபடி விழுந்தாள். கரும்பு ரயில் பாதையைத் தாண்டும்போது செருப்பு தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. குப்புற, முழு நீளத்துக்கு விழுந்தாள். நான் அன்றைக்கு அவர்களோடு நடந்துகொண்டிருந்தேன். 'இன்னொரு தரம் வுழுந்தா' என்று அண்ணன் போனில் சொன்ன வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அம்மா அசையவில்லை. யாரும் அவளைத் தொடவும் துணியவில்லை.

பிறகு அவளுடைய ஒரு கை மெதுவாக நகர்ந்தது. அப்புறம் இன்னொரு கை. ஒவ்வொரு காலாக மடக்கினாள்.

"எண்ணிப் பாருங்கடி, எல்லாம் இருக்குதான்னு," என்றாள் மண்ணில் முகத்தை வைத்தபடியே. "மணியப் பாருங்க, சட்டுனு தூக்குங்க. அரமணி ஆவல. படுத்தா மாத்திர வீணாப் போயிடும்."

டாக்டரிடம் டாக்சியில் கொண்டுபோனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பழையபடி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். முழங்காலில் சிராய்ப்பு, வேறு எதுவும் இல்லை என்றார். நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து விம்மி அழுதேன். அடிபட்டவளுக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீரை நர்ஸ் எனக்குக் கொடுத்தாள்.

செய்தி எனக்கு முன்னால் ஆக்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போன் செய்தபோது அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தான், எலும்பு உடையவில்லை என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. நாலாம் நாள் மடக்குகிற சக்கர நாற்காலி ஒன்றோடு வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அவனை வரவேற்க அம்மா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு கூடையோடு. அவன் அம்மாவைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். அம்மா நாற்காலியைத் தள்ளிப் பார்த்து, சக்கரம் நன்றாக ஓடுகிறது என்றாள். மறுநாள் அதில் ஏழு பூசணிக்காய்களை உட்காரவைத்து மார்க்கெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை அண்ணனும் நடந்தான். பாலத்துக்குப் போவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. எட்டுப் பெண்களும் அவனுக்காக நின்றார்கள், அத்தை அவனுக்கு விசிறிவிட்டார். போகும் நாளில் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இங்கயே இரும்மா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத்தான் அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போனது.

ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. டாக்டர் அம்மாவைப் பரிசோதித்து, மாத்திரையை நிறுத்தலாம், எலும்பு தாங்கும், இனி நடையை மட்டும் விடாதே என்றார். அதே மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாமா எழுந்து நோட்டைத் திறந்தார். அவருக்கு வயதாகியிருந்தது. குரல் மெதுவாக வந்தது. அம்மாவின் பேரில் இருந்த ஆயிரத்து ஐந்நூறும் முடிந்துவிட்டது, தீர்மானப்படி இனி அவளுக்கு ஃபண்டிலிருந்து ஒன்றும் இல்லை என்று படித்தார். படித்துவிட்டு உட்கார முடியாமல் நின்றார். ஏதோ குற்றம் செய்தவரைப் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, விதின்னு எழுதிட்டோம்..." என்று இழுத்தார்.

அம்மா சுவரோரத்திலிருந்து எழுந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள்.

"அதுக்கு ஏன் அண்ணே இப்பிடி மூஞ்சிய வெச்சிக்கினு இருக்கீங்க? செத்தா குடுக்கணும்னு வெச்சிருந்த காசு. நா உசுரோட இருக்கறதுக்கே செலவாயிடுச்சி. என் சாவ நானே தின்னு தீத்துட்டேன்." கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்தாள். நிறைய லட்டு. "எடுத்துக்குங்க. காரியத்துக்குப் போட வேண்டிய சாப்பாடு. நானும் ஒக்காந்து ஒண்ணு திங்கறேன்."

மாமாதான் முதலில் எடுத்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் நான் கேட்டுவிட்டேன்.

"உனக்குப் பயமா இல்லையாம்மா? உன் காரியத்துக்குன்னு இனிமே ஒண்ணும் இல்லியே."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நா இங்கதான சாவப் போறேன்? அதுக்குத்தான அந்தக் காசு செலவாச்சி."

பஸ் நசியாவில் நின்றது. நான் கையை நீட்டினேன். அவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.